வாய் ஜெபிக்குது, மனசு இஎம்ஐ கணக்கு போடுது... எனக்கு மட்டும்தானா?

நாசரேத்_பையன் | சனி, இரவு 11:48

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத நேர்ல யார்கிட்டயும் சொல்ல முடியல. எங்க சேகரத்து ஐயர்கிட்ட (சபை போதகர்) சொன்னா அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல "நமக்குத் தெரிந்த ஒரு வாலிபன்"னு வந்துருவேன், அதான் இங்க.

எங்க தெருவுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் நடக்கும். கடைசி ஜெபம் எப்பவும் எனக்குத்தான், "தம்பி நல்லா ஜெபம் பண்ணுவாரு"ன்னு பேராகிப்போச்சு. சண்டே ஸ்கூல் காலத்துலருந்து கேட்டு கேட்டு அந்த பாஷை நாக்குல ஊறிப்போச்சுங்க. "அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் பரம தகப்பனே"ன்னு வண்டிய எடுத்தா "இம்மட்டும் கண்ணின் மணிபோல் காத்துவந்த கிருபைக்காய்"ல ஒரு வளைவு, "வியாதிப்படுக்கையில் இருப்போரை நினைத்தருளும்"ல ஒரு வளைவு, "ஜெபம் கேளும் எங்கள் நல்ல பிதாவே"ல போய் நிக்கிற வரைக்கும் எங்கயும் முட்டாது.

நேத்து போன வீட்டுல ஒரு அம்மாவுக்கு டயாலிசிஸ், வாரத்துக்கு ரெண்டு தடவ. கட்டில்ல படுத்திருக்காங்க. நான் பக்கத்துல முழங்கால் போட்டு ஒரு எட்டு நிமிஷம் ஜெபிச்சிருப்பேன். ஆமென் சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது, அந்த எட்டு நிமிஷமும் மனசுக்குள்ள பைக் இஎம்ஐ, மச்சினன் கல்யாணத்துக்கு எவ்வளவு செய்யணும், மோதிரமா பணமா, இதத்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். வாய் அது பாட்டுக்கு அது வேலைய பாத்திருக்கு. அந்த அம்மா பேரக்கூட சொல்லல, "இந்த அருமைத் தாயார்"னே ஓட்டிட்டேன், ஏன்னா பேரு எனக்கு தெரியாது. முடிச்சதும் அவங்க என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க, "என்னா ஜெபம் தம்பி"ன்னு. எனக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. ராத்திரி தூக்கமே வரல.

கேள்வி இதுதான். கவனமா ஜெபிக்கிறது எப்படி? உங்கள்ல யாருக்காவது இது நடந்திருக்கா, இல்ல நான் மட்டும்தான் இப்படி ஒரு வேஷக்காரனா?

கடைசி_பெஞ்ச் | ஞாயிறு, காலை 6:10

நீ மட்டும் இல்ல மக்கா. எங்க சபைல ஒரு மூப்பர் ஜெபிக்கும்போது நான் விரல் விட்டு எண்ணுனேன், ஒரே ஜெபத்துல "ஆண்டவரே" 71 தடவ. "ஆண்டவரே இந்த ஆண்டவரே ஊழியங்களை ஆண்டவரே". கமா போடுற எடத்துல எல்லாம் ஆண்டவர். எங்கிட்ட எவனாவது வந்து "முருகேசா ஒரு முருகேசா ஐநூறு ரூவா முருகேசா"ன்னு கேட்டா நான் ஓடியே போயிருவேன்.

(எண்ணிக்கிட்டு இருந்த நான் எங்க ஜெபிச்சேன்னு கேக்காதீங்க.)

தரங்கை_லுத்தரன் | ஞாயிறு, மதியம் 2:25

இந்த விஷயத்துக்குன்னே ஒரு பழைய கதை இருக்கு பிரதர். எங்களது 1706ல சீகன்பால்குங்கற ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடில வந்து இறங்கி ஆரம்பிச்ச சபை, அதனால வீட்டுல திருச்சபை சீர்திருத்தத்த ஆரம்பிச்ச மார்ட்டின் லுத்தர் பேச்சு அடிபட்டுக்கிட்டே இருக்கும். ஜெர்மனில விட்டன்பர்க்ல லுத்தருக்கு முடி வெட்டி சவரம் பண்ற பேத்தர்னு ஒருத்தர் இருந்தாரு. அவரு, எப்படி ஜெபிக்கறதுன்னு கேட்டாருன்னு லுத்தர் 1535ல ஒரு சின்ன புஸ்தகமே எழுதிக் குடுத்தாரு. பேராசிரியர், பெரிய பெரிய ஆளுங்களோட மல்லுக்கட்டுனவரு, சவரக்காரருக்காக உக்காந்து எழுதறாரு பாருங்க, எனக்கு அதுவே பெரிய விஷயம்.

அதுல அவரு பேத்தரோட தொழிலயே உதாரணமா எடுக்கறாரு. நல்ல முடி திருத்துறவன் கண்ணும் நெனப்பும் கத்தி மேலயும் முடி மேலயும்தான் இருக்கணும், எதுவரைக்கும் வந்தோம்னு மறக்கக்கூடாது, ஊர்க்கதை பேசிக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு செஞ்சா வாயோ மூக்கோ தொண்டையோ அறுபட்டுரும், ஒரு சவரத்துக்கே இப்படின்னா ஜெபத்துக்கு எப்படி இருக்கணும், இதான் விஷயம். இயேசு கத்துக்குடுத்த பரமண்டல ஜெபத்த பத்தி இன்னொன்னு சொல்றாரு, பூமியிலயே பெரிய இரத்தசாட்சி (விசுவாசத்துக்காக உயிர விட்டவங்கள அப்படி சொல்லுவோம்) அந்த ஜெபம்தானாம், ஏன்னா ஆளாளுக்கு அத போட்டு சித்திரவதை பண்றாங்க. படிக்கும்போது சிரிச்சேன், அப்புறம் ஞாயித்துக்கிழமை நாங்க சொல்ற ஸ்பீட நெனச்சேன், சிரிப்பு நின்னுபோச்சு.

அவருக்கே மனசு காஞ்சுபோய் ஜெபிக்க இஷ்டம் இல்லாத நாள்ல என்ன பண்ணுவாருன்னும் அதுல இருக்கு. பைபிள்ல உள்ள சங்கீதப் புஸ்தகத்த தூக்கிக்கிட்டு அறைக்குள்ளயோ கோயிலுக்கோ போய், சின்னப் பிள்ளைங்க மனப்பாடம் சொல்ற மாதிரி பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம்னு வாய்விட்டு சொல்லுவாராம், சூடு பிடிக்கிற வரைக்கும். நடுவுல ஒரு நல்ல நெனப்பு வந்து ஒட்டுச்சுன்னா மத்தத விட்டுட்டு சும்மா இருந்து அத கேளுன்றாரு. நெறைய சொல்லி முடிக்கணும்ங்கற அவசரமே கெடையாது.

கடைசி_பெஞ்ச் | ஞாயிறு, மதியம் 2:40

அந்த பேத்தர் அதப் படிச்சு திருந்துனாரா?

தரங்கை_லுத்தரன் | ஞாயிறு, மதியம் 3:02

கேக்கமாட்டீங்கன்னு நெனச்சேன். அதே 1535ல, ஈஸ்டருக்கு மொத நாள், குடும்பத்தோட சாப்பிட உக்காந்த எடத்துல குடிபோதையில தன் மருமகனையே குத்திக் கொன்னுட்டாரு. லுத்தரும் மத்தவங்களும் பரிஞ்சு பேசுனதால தலை தப்புச்சு, ஊரவிட்டு மட்டும் துரத்துனாங்க. அந்தப் புஸ்தகத்த மட்டும் இன்னைக்கு வரைக்கும் ஜனங்க படிக்கிறாங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு எங்கிட்ட கேக்காதீங்க.

சலூன்_கடைக்காரன் | ஞாயிறு, இரவு 10:15

நான் 22 வருஷமா கடை வச்சிருக்கேன், அந்த உதாரணத்துல ஒரு திருத்தம் சொல்லணும். லுத்தர் ஐயா சொல்றது பாதிதான் சரி. நாங்க பேசுவோம். கட்டிங்ல கிரிக்கெட், எலெக்ஷன், யார் வீட்டுல யார் ஓடிப்போனா எல்லாம் ஓடும், கை அது பாட்டுக்கு போகும், அதான் அனுபவம்ங்கறது. ஆனா ஷேவிங்ல கத்தி குரல்வளைக்கு வந்ததும் யாரும் சொல்லாமலே நானும் வாய மூடுவேன், சீட்டுல இருக்கறவரும் மூடுவாரு. எச்சில் கூட முழுங்க மாட்டாங்க. கடையில பாட்டு ஓடினாலும் எனக்கு கேக்காது.

நாசரேத் தம்பி, உங்க கைக்கு அனுபவம் வந்துருச்சு, அதான் மனசு கதை பேச போயிருச்சு. அது தப்புன்னு சொல்ல வரல. என் பையனுக்கு டெங்கு வந்து பிளேட்லெட் விறுவிறுன்னு இறங்குன ராத்திரி, ஆஸ்பத்திரி மாடிப்படில உக்காந்து நான் ஜெபிச்சேன், மொத்தம் நாலே வார்த்தை, அதையே விடியற வரைக்கும் சொன்னேன். அன்னைக்கு என் மனசு எங்கயும் போகல. தண்ணில முழுகுன இயேசுவோட சீஷன் பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்"னு மட்டும்தானே கத்துனாரு, அவருக்கு "அன்பும் இரக்கமும் நிறைந்த"ன்னு ஆரம்பிக்க நேரம் ஏது. ஆரம்பிச்சிருந்தா "இம்மட்டும் காத்துவந்த"க்குள்ள உள்ள போயிருப்பாரு.

கடைசி_பெஞ்ச் | ஞாயிறு, இரவு 10:31

அண்ணாச்சி செம. ஆனா ஒழுங்கா ஜெபிக்க ஒவ்வொரு தடவையும் டெங்கு வரணுமா?

சலூன்_கடைக்காரன் | ஞாயிறு, இரவு 10:50

வேண்டாம்யா. பையன் நல்லா இருக்கான், இப்ப எனக்கும் பழையபடி கை தானா ஓடுது. உண்மைய சொல்றேன்.

மதுரை_எஸ்தர் | திங்கள், காலை 5:20

பிரைஸ் த லார்ட். எல்லாரும் சின்ன ஜெபம்தான் ஒசத்தின்ற மாதிரி பேசறீங்க, கொஞ்சம் நில்லுங்க. இயேசு ராமுழுதும் ஜெபம்பண்ணிக்கொண்டிருந்தார்னு லூக்கா 6:12ல இருக்கு. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல சீஷர்கள பாத்து "ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா"ன்னு கேட்டாரு, ரெண்டு நிமிஷம் போதும்னு சொல்லல. எங்க சபைல முழு இரவு ஜெபம் மாசாமாசம் உண்டு, நான் தெனமும் நாலு மணிக்கு எழுந்திரிக்கிறவ, இத பெருமைக்கு சொல்லல. எனக்கும் மொத அரை மணி நேரம் குப்பைதான் வரும். இட்லி மாவு புளிச்சிருக்குமா, வாடகை பாக்கி, பக்கத்து வீட்டுக்காரி சொன்ன ஒரு சொல்லு, எல்லாம் வரிசையா வந்து நிக்கும். கார்ப்பரேஷன் குழாய தெறந்தா மொத ரெண்டு கொடம் கலங்கலாத்தானே வரும், கலங்கலா வருதேன்னு மூடிட்டு போயிட்டா நல்ல தண்ணி எப்ப புடிப்பீங்க? சின்ன ஜெபம் சின்ன ஜெபம்னு சொல்றவங்க பாதி பேரு கலங்கல் தண்ணியோட எழுந்து போறவங்க. மன்னிச்சிருங்க, மனசுல பட்டத சொல்லிட்டேன்.

செமினரி_டீக்கடை | திங்கள், காலை 9:05

சிஸ்டர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. லுத்தரே 1530ல கோபர்க் கோட்டைல இருந்தப்ப தெனம் மூணு மணி நேரத்துக்கு குறையாம ஜெபிச்சாருன்னு கூட இருந்த வைட் டீட்ரிச் கடுதாசி எழுதியிருக்காரு, சவரக்காரர் கதைய மட்டும் புடிச்சுக்கிட்டா இது விட்டுப்போகும்.

இந்த சண்டை புதுசு இல்ல. 410ல ரோம் நகரம் கொள்ளை போனப்ப ஆப்பிரிக்காவுக்கு தப்பி வந்த ப்ரோபான்னு ஒரு பணக்கார விதவை, அங்க பிஷப்பா இருந்த அகுஸ்தீனுக்கு எழுதி ஜெபத்த பத்தி கேக்கறாங்க. அவரு பதில்ல எகிப்து வனாந்தரத்துல இருந்த சகோதரர்கள பத்தி சொல்றாரு. அவங்க ஜெபம் அடிக்கடி இருக்குமாம், ஆனா ரொம்ப சின்னதா, சடார்னு எறியிற ஈட்டி மாதிரி, ஏன்னா இழுத்துக்கிட்டே போனா முழிச்சிருக்கற மனசு மழுங்கிப்போகும். அதுக்காக ரொம்ப நேரம் ஜெபிக்கறது தப்புன்னு சொல்லல, நெறைய பேசறது வேற, நெறைய நேரம் ஏங்கிக்கிட்டு இருக்கறது வேறன்னு பிரிக்கறாரு. எனக்கு இது உதவியா இருந்துச்சு. மத்தேயு 6:7ல "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்"னுதான் இருக்கு, அங்க கணக்கு வார்த்தைக்கு, நேரத்துக்கு இல்ல. நம்ம வேதத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச தமிழ் அந்த "அலப்பாதேயுங்கள்". எங்க பாட்டி எங்கள திட்டுற வார்த்தை அது, "என்னல அலப்புற".

அதுக்கு முந்தின வசனத்துல "அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி"ன்னு வருதுல்ல, மூலக் கிரேக்கத்துல அந்த வார்த்தைக்கு சாமான் போட்டு வைக்கிற உள்ளறைன்னு அர்த்தம். நெல்லு, எண்ணெய் வைக்கிற எடம். நாம ஏதோ தியான மண்டபம் ரேஞ்சுக்கு கற்பனை பண்ணி வச்சிருக்கோம்.

மூணு_பிள்ளை_அம்மா | திங்கள், மதியம் 12:40

அப்ப என் சமையல்கட்டு போதும். அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவுல ஒரு ஆள் உக்கார்ற எடம் இருக்கு, அங்கதான் நான். குக்கர் மூணு விசில் வர்ற வரைக்கும் என் நேரம். மூணாவது விசிலுக்கு ஆமென்.

வேற ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். சங்கீதம் 131, மூணே வசனம்தான். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல"ன்னு வரும். இத ஆம்பளை பாஸ்டருங்க பிரசங்கம் பண்ணும்போது அமைதியா தூங்குற குழந்தைன்னு சொல்லிட்டு போயிருவாங்க. பால் மறக்கடிச்சவளுக்குத்தான் தெரியும் அந்த பாடு. வேப்பிலைய அரைச்சு பூசிக்கிட்டு, அது வாய வச்சுட்டு கசப்புல மூஞ்ச சுளிச்சு நம்மளயே துரோகி மாதிரி பாக்கும், மூணு ராத்திரி அழும், நாமளும் சேந்து அழுவோம். அப்புறம் ஒரு நாள் தானா வந்து மடில ஏறி உக்காரும், மாரைத் தேடாது, சும்மா உக்காந்திருக்கும். என் கடைக்குட்டி அப்படி உக்காந்த அன்னைக்குத்தான் எனக்கு அந்த சங்கீதமே புரிஞ்சுது. பால் குடிக்க வர்ற குழந்தைக்கு அம்மா வேணுமா பால் வேணுமான்னு சொல்ல முடியாது. இது எதுவும் கேக்க வரல, எங்கிட்டதான் வந்திருக்கு.

நான் இன்னும் அழற ஸ்டேஜ்லதான் இருக்கேன், அது வேற விஷயம்.

மதுரை_எஸ்தர் | திங்கள், மதியம் 1:15

அக்கா... இத இன்னைக்கு வேலைக்கு போற வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே போறேன்.

வேளாங்கண்ணி_நடைபயணி | திங்கள், இரவு 8:30

ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) கட்சியிலருந்து ஒரு குரல். எங்களுக்கு ஜெபமாலை, அஞ்சு பத்து மணி, ஐம்பது அருள்நிறை மந்திரம், சின்ன வயசுலருந்து குடும்பத்தோட ராத்திரி சொல்லி வளந்தது. கை மணிய உருட்டும், வாய் சொல்லும், மனசு சீரியல்ல என்ன ஆச்சுன்னு பாக்கும். பிரிவினை சபைக்காரங்க "மனப்பாட ஜெபம்"னு எங்கள சொல்லுவாங்க, நாசரேத் பிரதர் எழுதுனத படிச்சப்பறம் ஒண்ணு தெரிஞ்சுது, உங்களுக்கும் மனப்பாடம்தான், அச்சடிக்கல அவ்வளவுதான் :)

அவிலா தெரேசம்மாள கேள்விப்பட்டிருப்பீங்க, 16ம் நூற்றாண்டு ஸ்பெயின் கார்மேல் சபை கன்னியாஸ்திரி, ஜெபத்துக்கே குருன்னு திருச்சபை கொண்டாடுற ஆளு. அவங்களே எழுதி வச்சிருக்காங்க, சில வருஷங்கள் ஜெப நேரம் எப்படா முடியும், மணி எப்ப அடிக்கும்னு காது அங்கயேதான் இருந்துச்சாம். ஜெபக்கூடத்துக்குள்ள போறதுக்கே தன்னை புடிச்சு தள்ள வேண்டியிருந்துச்சாம். ஆனா போறத நிறுத்தல. எனக்கு இந்த சாட்சி போதும். தொலஞ்சு போன மனசோட மணிய உருட்டறேன், ஞாபகம் வந்ததும் அந்த மணியிலருந்து திரும்ப ஆரம்பிக்கறேன். ஒரு ஜெபமாலைக்கு இருபது தடவ தொலைஞ்சா இருபது தடவ திரும்பி வர்றேன்.

பேர்_வேண்டாம் | திங்கள், இரவு 11:55

எல்லாரும் கவனம் கவனம்னு பேசறீங்க. தாழ்மை பத்தி யாரும் வாயே தெறக்கல, எனக்கு அதுலதான் வயித்தெரிச்சல்.

எங்க வீட்டுல ராத்திரி ஒம்போது மணிக்கு குடும்ப ஜெபம். மாமியார்தான் ஜெபிப்பாங்க. "ஆண்டவரே, மூத்தவங்க சொல்லுக்கு கீழ்ப்படியிற ஆவிய இந்த வீட்டு பெண்பிள்ளைகளுக்குத் தாரும். வேலைக்குப் போறோம்ங்கற மேட்டிமைய எடுத்துப்போடும். சம்பாத்தியத்தை தாய்வீட்டுக்கு கொண்டுபோகாதபடி காத்துக்கொள்ளும்." வீட்டுல பெண்பிள்ளை நான் ஒருத்திதான். கண்ண மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டு இருக்கணும், பதில் பேச முடியாது, ஏன்னா என்கிட்ட பேசல, ஆண்டவர்கிட்டல்ல பேசறாங்க! கடைசில நானே ஆமென் வேற சொல்லணும்.

இயேசு சொன்ன கதைல பக்திமான்னு பேரெடுத்த ஒரு பரிசேயனும், ஊரே பாவின்னு சொல்ற ஒரு ஆயக்காரனும் (வரி வசூலிக்கிறவன்) கோயில்ல ஜெபிக்கறாங்கல்ல, அதுல பரிசேயன் ஜெபத்த நல்லா பாருங்க. "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்"னு சொல்றான். இந்த. பக்கத்துல நிக்கிற ஆள விரல் நீட்டி காட்டுறான், ஜெபத்துக்குள்ள. ஆயக்காரன் ஜெபத்துல தேவன் இருக்காரு, அவன் இருக்கான், மூணாவது ஆளே கெடையாது. "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." எனக்கு தெரிஞ்ச அளவுகோல் இதான். ஜெபத்துல மூணாவது ஆளு வந்தா, அந்த ஆளுக்காக கேக்கறேனா, அந்த ஆளு காதுல விழணும்னு கேக்கறேனா.

என் வீட்டுக்காரரும் சபைல பெரிய ஜெப வீரர். மனைவிய கனம்பண்ணலைன்னா "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு"ன்னு 1 பேதுரு 3:7ல இருக்கறத அவரு எந்த உபவாச ஜெபத்துலயும் வாசிச்சு நான் கேட்டதில்ல.

கடைசி_பெஞ்ச் | செவ்வாய், காலை 7:00

(முதல் தடவையா ஜோக் வரல.) அக்கா, எங்க சபைல இத "ஜெபப் பிரசங்கம்"னு சொல்லுவோம். லேட்டா வர்றவங்க, காணிக்கை போடாதவங்க, முக்காடு போடாதவங்க எல்லாரையும் கண்ண மூடிக்கிட்டே அடிப்பாங்க. வாட்ஸ்அப் குரூப்ல இன்னொரு வகை. "இன்னாரு மகளுக்காக பாரத்தோடு ஜெபியுங்கள், விவரம் கேக்காதீங்க"ன்னு போடுவாங்க. உடனே பத்து பேரு போன் போட்டு விவரம் கேப்பாங்க.

மதுரை_எஸ்தர் | செவ்வாய், காலை 7:25

பேர் வேண்டாம் சிஸ்டர், உங்க மாமியார பத்தி தீர்ப்பு சொல்ல நான் ஆளில்ல, ஆனா நேத்து நானும் ஒண்ணு பண்ணிட்டேன். மேல "இத பெருமைக்கு சொல்லல"ன்னு எழுதுனேன்ல, பெருமைக்குத்தான் எழுதுனேன். இன்னைக்கு நாலு மணிக்கு உக்காந்தப்ப அதான் மொத கலங்கலா வந்துச்சு.

செமினரி_டீக்கடை | செவ்வாய், காலை 10:10

இதுல ஒரு சிக்கல் இருக்கு, சொன்னா யாரும் கோவிச்சுக்கக் கூடாது. ஆயக்காரன் மாதிரி ஜெபிக்கணும்னு நாமளும் "புழுதியும் சாம்பலுமான, ஒன்றுக்கும் உதவாத அடியேன்"னு ஆரம்பிக்கறோம், அதுவும் கொஞ்ச நாள்ல இன்னொரு வளைவா ஆயிருது, வண்டி அங்கயும் முட்டாம போகுது. எங்க செமினரில ஒரு பையன் அந்த வரிய அவ்வளவு அழகா சொல்லுவான், மத்தவங்க காப்பி அடிப்பாங்க. பிள்ளை இல்லாம அழுத அன்னாள பாருங்க, 1 சாமுவேல்ல, உதடு மட்டும் அசையுது, சத்தம் இல்ல. ஆசாரியன் ஏலி குடிச்சிருக்கான்னு நெனச்சுட்டாரு. அந்த ஜெபத்த யாரும் "என்னா ஜெபம்"னு பாராட்டியிருக்க முடியாது.

ஓய்வு_உபதேசியார் | செவ்வாய், மாலை 4:45

நாசரேத் தம்பிக்கு. முப்பத்தி நாலு வருஷம் கிராமச் சபைகள்ல உபதேசியாரா இருந்தவன். கண்ணு மங்கிருச்சு, பேத்திய விட்டு டைப் அடிக்கச் சொல்றேன், பிழை இருந்தா அவகிட்ட கேளுங்க.

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா தம்பி, உம்ம கேள்வியிலயே ஒண்ணு இடறுது. மனசு அலைஞ்சுது மனசு அலைஞ்சுதுன்னு சொல்றீரு. மனசு எல்லாருக்கும் அலையும், எனக்கு இன்னைக்கு காலைல அலைஞ்சுது. நீரு அந்த அம்மா பேரக் கேக்காம முழங்கால் போட்டீரு பாத்தீரா, காரியம் அங்கயே போச்சு. ஆளயே பாக்காம ஜெபத்துக்கு கண்ண மூடுனா, மூடுன கண்ணுக்குள்ள வேற என்ன தெரியும்? இஎம்ஐதான் தெரியும். அது பாவம் கூட இல்ல, உள்ள எடம் காலியா இருந்துச்சு, கையில இருந்தது வந்து உக்காந்துக்கிச்சு.

பர்திமேயுன்னு ஒரு குருடன், எரிகோ வழியோரத்துல. "எனக்கு இரங்கும்"னு கத்துறான். குருடனுக்கு என்ன வேணும்னு ஊருக்கே தெரியும். இருந்தும் கர்த்தர் அவனப் பாத்து, "நான் உனக்கு என்னசெய்யவேண்டும் என்றிருக்கிறாய்"னு கேட்டாரு. அவரே கேட்டாரு தம்பி. நாம கேக்கறதில்ல. வீட்டுக்குள்ள நுழையும்போதே என்ன ஜெபிக்கணும்னு நமக்கு தெரிஞ்சிருக்கும். நானும் ஊழியத்துல மொத பத்து வருஷம் அப்படித்தான் இருந்தேன். ஒரு வீட்டுல பிள்ளை வரத்துக்காக கண்ணீரோட ஜெபிச்சு முடிச்சேன், அந்தப் பொண்ணு மெதுவா சொல்லுச்சு, ஐயா நான் இந்த வீட்டுக்கு விருந்தாளி, எனக்கு மூணு பிள்ளைங்க இருக்குன்னு.

அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீரும். நாளைக்கே போய் பேரக் கேளும், என்ன ஜெபிக்கணும்னும் கேளும். கேட்டத மட்டும் ஜெபியும்.

கடைசி_பெஞ்ச் | செவ்வாய், மாலை 5:00

அந்த விருந்தாளி கதைக்கு நான் இன்னும் சிரிச்சுக்கிட்டு இருக்கேன் ஐயா. பேத்திக்கும் ஒரு ஸ்தோத்திரம், பிழையே இல்ல.

நாசரேத்_பையன் | வியாழன், இரவு 10:20

மூணு நாளா படிச்சுக்கிட்டுதான் இருந்தேன், பதில் எழுத ஒண்ணும் இல்ல. நேத்து சாயங்காலம் போனேன். பைபிள் எடுத்துக்கிட்டு போகல, கொஞ்சம் வாழப்பழம் வாங்கிக்கிட்டு போனேன், அப்புறம்தான் தெரிஞ்சுது டயாலிசிஸ் பண்றவங்களுக்கு வாழப்பழம் ஆகாதுன்னு, அவங்க மருமக சிரிச்சுட்டு வாங்கி வச்சுக்கிட்டாங்க.

பேரு கேட்டேன். இங்க போடல. எட்டு வருஷமா அதே தெருவுல இருக்கேன்.

என்ன ஜெபிக்கணும்னு கேட்டேன். கிட்னி சரியாகணும்னு சொல்லுவாங்க, இல்ல பையன் வேலை, பேத்தி படிப்புன்னு ஏதாவது வரும்னு நெனச்சேன். கொஞ்ச நேரம் மேல ஃபேனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "தாகமா இருக்கு தம்பி"ன்னு. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணின்னு டாக்டர் அளவு குடுத்திருக்காரு, மருமக பாட்டில்ல அளந்து ஊத்தி தலமாட்டுல வச்சிருவாங்க, காப்பி, ரசம் எல்லாம் அந்தக் கணக்குலயே சேத்தி. "செத்துப்போனா பரவால்ல தம்பி, ஆனா அதுக்கு முன்னால ஒரு சொம்பு தண்ணிய அண்ணாந்து மடக்மடக்குன்னு குடிக்கணும்னு இருக்கு. இத எப்படி ஜெபத்துல சொல்றதுன்னு வெக்கமா இருக்கு, நீங்க எல்லாரும் பெருசு பெருசா ஜெபிக்கறீங்க."

எனக்கு தெரிஞ்ச எந்த வளைவுலயும் இது இல்லங்க. கண்ண மூடுனேன். "ஆண்டவரே, இவங்களுக்கு தாகமா இருக்கு"ன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணும் வரல. சிலுவைல அவரும் "தாகமாயிருக்கிறேன்"னு சொன்னாருல்ல, அது ஞாபகம் வந்துச்சு, ஆனா அத சொன்னா பிரசங்கம் ஆயிரும்னு தோணுச்சு, சொல்லல. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன்னு தெரியல. இஎம்ஐ வரல. வந்திருந்தா மறைக்காம எழுதியிருப்பேன்.

ஆமென் சொன்னதும் அந்த அம்மா கண்ண தெறந்து, "அவ்வளவுதானா தம்பி? போன வாரம் பெருசா பண்ணுனீங்களே"ன்னாங்க.

சலூன்_கடைக்காரன் | வியாழன், இரவு 10:41

ஹாஹா. கஸ்டமர் எப்பவும் அப்படித்தான் தம்பி.

வார்டு_நர்ஸ் | வெள்ளி, காலை 6:35

இத்தன நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு எழுதியே ஆகணும். டயாலிசிஸ் யூனிட்ல வேலை பாத்திருக்கேன், தாகம்தான் அவங்க பெரிய பாடு, வெளிய சொல்ல மாட்டாங்க. அவங்களுக்கு குடுத்த தண்ணி அளவுலருந்தே கொஞ்சத்த ஃப்ரீசர்ல சின்ன சின்ன கட்டியா உறைய வச்சு, ஒண்ணொண்ணா வாயில அடக்கிக்கச் சொல்லுங்க, குடிக்கறத விட ரொம்ப நேரம் நிக்கும். அதுவும் அளவுல சேத்திதான், மறக்க வேண்டாம். உப்பு குறைச்சா தாகமும் குறையும், ஊறுகாய், அப்பளம், கருவாடு தொடவே கூடாது. குடிக்காம சும்மா வாய் கொப்பளிச்சு துப்பினாலும் கொஞ்சம் ஆறும். எதுக்கும் அவங்க டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுங்க.

நாசரேத்_பையன் | வெள்ளி, காலை 6:50

ரொம்ப நன்றி சிஸ்டர். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு கெளம்பிருவாங்க, அதுக்குள்ள போய் மருமககிட்ட சொல்லிட்டு வந்துர்றேன். ஐஸ் ட்ரே எங்க வீட்டுல ஒண்ணு சும்மா கெடக்குது.